முடி போனால் முளைக்கும், தவணை போனால்?

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்று. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடம். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை. பழைய லயங்களில் பாதிக்கு மேல் காலி. மீதியில் நம்மவர் சில குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. வேறு ஒரு காரியமாக நாம் அங்கே போயிருந்தோம். நல்ல மத்தியான வெயில். கடைசி வீட்டு வாசலில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பால் வெட்டப் போகிறவர்கள் கட்டுவது மாதிரி தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"என்னக்கா, வேலைக்குப் போகாத நாள்லயும் தலைத்துண்டா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக் கூடாது.

அக்கா பேசாமல் துண்டை அவிழ்த்தார். தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி. இடையிடையே தோல் சிவந்து, நெற்றி ஓரத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. அந்தத் தோட்டத்தில் இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல் என்றால் இவர் பேரைத்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது.

மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கீமோ மருந்து ஆறு தவணை ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் தவணை முடிந்து மூன்றாவது வாரம், தலை சீவ உட்கார்ந்தவர் கையில் கொத்துக் கொத்தாக முடி வந்துவிட்டது. அந்த வாரமே பாசார் மாலாமில் ஒருவன் சின்னக் குப்பி ஒன்றை 65 வெள்ளிக்கு விற்றிருக்கிறான். "எல்லாம் இலை தழையில எடுத்த தைலம், ஒண்ணும் செய்யாது. ஊசிய நிறுத்திட்டு இத தேயுங்க, மூணு மாசத்துல பழைய முடி வந்துரும்" என்றானாம். அக்கா அப்படியே தலையில் ஊற்றித் தேய்த்திருக்கிறார். இரண்டாம் நாளே தலை எரிந்து கொப்புளம்.

"அடுத்த வாரம் ரெண்டாவது தவணை. நான் போகப்போறதில்ல தம்பி. இந்தத் தலையோட எப்படி பஸ் ஏறுவேன்?" என்றார்.

தோழர்களே, இந்த வாரம் இந்தப் பகுதியில் முடியைப் பற்றியும் தைலத்தைப் பற்றியும் எழுதக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான். இப்படிப் பாதியில் நின்று போகிறவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேரோ!

முடி ஏன் கொட்டுகிறது?

புற்றுநோய் அணுக்கள் வேகமாகப் பெருகுகிறவை. கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை, வேகமாகப் பெருகும் அணு எதுவோ அதைத் தேடி அடிக்கும். நமக்கு இது புரியாத விஷயமல்ல. புல்லுக்கு மருந்தடிக்கும் போது காற்று திரும்பினால் பக்கத்தில் நிற்கும் இளங்கன்றும் வாடும் அல்லவா? அதே கதைதான். உடம்பில் வேகமாக வளரும் நல்ல அணுக்களும் உண்டு. வாய், குடல், ரத்தம் ஊறும் எலும்பு மச்சை, அப்புறம் முடியின் வேர். அதனால்தான் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்தக்குறைவு, முடி கொட்டுதல் எல்லாம் சேர்ந்து வருகின்றன.

மனிதத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அவற்றில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எந்த நேரமும் வளர்ந்து கொண்டே இருக்கின்றன. ஆகவே மருந்து அடித்தால் ஏறக்குறைய எல்லாம் ஒரே சமயத்தில் விழும். பொதுவாக முதல் தவணைக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். புருவமும் கண்ணிமை முடியும்கூடப் போகலாம்.

எல்லாக் கீமோ மருந்துக்கும் முடி கொட்டாது என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். சில மருந்துக்கு மொட்டையாகும். சிலவற்றுக்கு அடர்த்தி மட்டும் குறையும். சிலவற்றுக்கு ஒன்றுமே ஆகாது. "எனக்கு ஏற்றப் போகும் மருந்துக்கு முடி கொட்டுமா டாக்டர்?" என்று முதல் நாளே கேட்டு விடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

முக்கியமான சேதி இது: மருந்து முடியைத்தான் தள்ளுகிறது, வேர்ப் பையைப் பெரும்பாலும் அழிப்பதில்லை. பால்மரத்தில் பட்டையைச் சீவிய இடத்தில் மறுபடி பட்டை வளர்வதைப் பார்த்த கண்கள் நம்முடையவை. மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டினால் பட்டை திரும்பும். அது போலத்தான் இதுவும். கடைசித் தவணை முடிந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலோருக்குப் பூனைமுடி மாதிரி தலைகாட்டும். முதலில் சுருட்டையாகவோ வேறு நிறமாகவோ வரலாம். டோசிடாக்செல் போன்ற சில மருந்துகளில், சிலருக்கு முடி பழைய அடர்த்திக்குத் திரும்பாமல் போவதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தோள் வரை வர இரண்டு வருஷத்துக்கு மேல், இடுப்பு வரை வர ஐந்தாறு வருஷம். மூன்று மாதத்தில் பழைய கூந்தல் என்று எவன் சொன்னாலும் அது பொய்.

தைலம் என்பது என்ன?

நாம் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் செக்கில் ஆட்டி எடுப்பவை. பாசாரில் சின்னக் குப்பியில் வரும் வாசனைத் தைலம் வேறு ஜாதி. இலை, பூ, பட்டையை நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிர வைத்து, தண்ணீரிலிருந்து பிரிந்து நிற்கும் தைலத்தை வடித்து எடுப்பார்கள். செரை வாங்கி, காயு பூத்தே, யூகலிப்டஸ், கிராம்பு, ரோஸ்மேரி, லாவெண்டர் எல்லாம் இந்த வகை. கூடை கூடையாக இலையை வேகவைத்தால் கொஞ்சம் தைலம் கிடைக்கும். இலையில் இருந்த காரமெல்லாம் அந்தச் சொட்டுக்குள் அடைந்து கிடக்கிறது. அதை அப்படியே தோலில் ஊற்றினால் எரிக்காமல் என்ன செய்யும்?

கீமோ ஏற்றியவர் தலைத்தோல் ஏற்கனவே காய்ந்து நொந்திருக்கும். அதோடு, மருந்து ஏற்றிய ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து போகும். கிருமியை எதிர்க்கும் காவல்காரர்கள் இல்லாத நேரம் அது. அந்த நேரத்தில் தலையில் ஒரு கொப்புளம் உடைந்தால், கிருமிக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. 65 வெள்ளித் தைலம், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிடும்.

ஸ்காட்லாந்தில் நடந்த சோதனை

அப்படியானால் தைலத்தால் முடி வளரும் என்பது முழுக்கக் கட்டுக்கதையா? அதுவும் இல்லை. நியாயத்தைச் சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊர் டாக்டர்கள் ஒரு சோதனை செய்து 1998-இல் வெளியிட்டார்கள். புழுவெட்டு வந்த 86 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், தேவதாரு என்ற நாலு தைலங்களை ஹொஹோபா எண்ணெயிலும் திராட்சை விதை எண்ணெயிலும் கலந்து கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்குத் தைலம் கலக்காத வெறும் எண்ணெய். தினம் ராத்திரி இரண்டு நிமிஷம் தேய்த்து, சூடான துண்டைச் சுற்ற வேண்டும். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால், தைலம் தேய்த்த 43 பேரில் 19 பேருக்குக் குணம் தெரிந்தது. வெறும் எண்ணெய் தேய்த்த 41 பேரில் 6 பேருக்குத்தான் தெரிந்தது. இதுதான் பல வியாபாரிகளின் பேச்சுக்கு மூலதனம். ஆண்களின் வழுக்கைக்கு ரோஸ்மேரித் தைலத்தை வைத்து ஈரானில் 100 பேரிடம் செய்த சோதனையும் 2015-இல் வெளிவந்தது.

ஆனால் இரண்டு விஷயங்களை வியாபாரி சொல்ல மாட்டான். ஒன்று: அபர்டீனில் கலந்தது சுமார் 23 மில்லி எண்ணெய்க்கு நாலு தைலமும் சேர்த்துப் பத்தே சொட்டு. குப்பியோடு கவிழ்த்தது கிடையாது. இரண்டு: அது புழுவெட்டு, கீமோ அல்ல. புழுவெட்டில் உடம்பின் காவல் அணுக்களே தவறாக முடி வேரைத் தாக்குகின்றன. கீமோவிலோ மருந்து ரத்தத்தின் வழியாக உள்ளேயிருந்து வேருக்குப் போய்ச் சேருகிறது. வீட்டுக்குள்ளே தண்ணீர் ஊறும் போது கூரைக்கு மேலே தகரம் போட்டு என்ன பயன்? கீமோவால் கொட்டும் முடியைத் தைலம் தடுக்கும் என்று நம்பத் தகுந்த எந்தச் சோதனையும் காட்டவில்லை.

வாசலில் பூக்கும் மருந்து

"செடியில் எடுத்தது ஒன்றும் செய்யாது" என்றானே, அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. லயத்து வாசலில் ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும் பூக்கும் நித்திய கல்யாணியைத் தெரியாதவர் உண்டா? மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். அந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடிக்கும் பழக்கம் ஜமைக்காவில் இருந்தது. அங்கேயிருந்து கனடாவுக்கு வந்த இலையை ராபர்ட் நோபில் என்ற டாக்டர் சோதித்தார். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. அப்படியானால் ரத்தப் புற்றுநோயை அடிக்கலாமே என்று யோசித்தார்கள். அவரும் சார்லஸ் பியரும் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் தங்கையான வின்கிரிஸ்டினும் பிறகு அதே செடியில் கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கிய மருந்து.

மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் பாக்லிடாக்செல்லும் முதலில் அமெரிக்காவின் யூ என்ற மரத்துப் பட்டையில் கிடைத்ததுதான். அந்த மருந்துக்கு முடி முழுசாகக் கொட்டும். பார்த்தீர்களா! முடியைக் கொட்ட வைக்கும் மருந்தே மரஞ்செடி கொடுத்த மருந்துதான். ஆகவே, "இங்கிலீஷ் மருந்தா, செடி மருந்தா" என்ற சண்டைக்கே இடமில்லை. எந்தச் சரக்கு, எவ்வளவு அளவு, யார் சோதித்தது என்பதுதான் கேள்வி.

இதைப் படித்துவிட்டு யாரும் வாசலில் போய் நித்திய கல்யாணியைப் பறித்துக் கஷாயம் வைத்து விடாதீர்கள். அது விஷம். பல நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் மருந்தைப் பிரித்து, ஆளின் உடம்பு அளவுக்குக் கணக்குப் போட்டு ஏற்றுகிறார்கள். அடுப்பில் அந்தக் கணக்கு வராது.

குளிர் தொப்பி

முடியைக் காப்பாற்ற வழியே இல்லையா என்றால், ஒன்று உண்டு. மருந்து ஏறும் போது தலைக்குக் குளிர் தொப்பி போடுவது. குளிரில் தலைத்தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். வேருக்குப் போகும் மருந்து குறையும். ஏற்றுவதற்கு அரை மணி முன்பே போட்டு, முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பார்கள். 2017-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சோதனையில், தொப்பி போட்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 95 பேரில் 48 பேருக்குப் பாதிக்கு மேல் முடி தங்கியது. போடாத 47 பேரில் ஒருவருக்கும் தங்கவில்லை. ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு இது ஆகாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது; செலவும் உண்டு. இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அதற்காக மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

மினொக்சிடில் என்ற தலை மருந்தையும் 1996-இல் வெளிவந்த ஒரு சிறிய சோதனையில் 22 பெண்களிடம் பார்த்தார்கள். அது கொட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் மொட்டையாக இருந்த காலம் சராசரி 50 நாள் குறைந்தது. டாக்டர் சொன்னால் மட்டும் வாங்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கொட்டத் தொடங்கும் முன்பே முடியைக் குட்டையாக வெட்டி விடுங்கள். நீள முடி கொத்தாக விழுவதைப் பார்ப்பதுதான் மனதை உடைக்கிறது. கொட்டும் நாளில் சவரக் கத்தி வேண்டாம். வெட்டுக் காயம் படும். மின்சார மெஷின் நல்லது.

தலை கழுவக் குழந்தை ஷாம்பு போதும். சீயக்காயைப் போட்டுத் தேய்க்காதீர்கள். தோல் காய்ந்தால், சுத்தமான தேங்காய் எண்ணெயைப் புண் இல்லாத இடத்தில் விரல் நுனியால் லேசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் ஊறிப் பாதுகாக்கும் என்று 2003-இல் மும்பை ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அது முளைத்த முடிக்கு நல்லது. வேரைக் காக்கும் என்று அர்த்தமில்லை. மிளகாய், வெங்காயச் சாறு, காற்றெண்ணெய், வாசனைத் தைலம் எதுவும் கீமோ முடியும் வரை தலைக்கு வேண்டாம்.

எல்லாம் முடிந்து முடி நன்றாக முளைத்த பிறகு, வாசனைக்காகத் தைலம் வேண்டுமென்றால் டாக்டரைக் கேளுங்கள். சரி என்றால், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு மூன்று சொட்டு. முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரித்தால் விட்டு விடுங்கள். தலைமுடிச் சாயத்துக்கும் பாசாரில் விற்கும் கருப்பு மருதாணிக்கும் அவசரப்படாதீர்கள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதீர்கள். காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், "கீமோ ஏற்றியிருக்கிறோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பனடோலைப் போட்டுப் படுத்துவிடக் கூடாது.

தூரமும் காசும்

ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை 2004-இல் திறக்கப்பட்டது. ஜொகூர் மாநிலத்தில் அரசாங்கப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அதுதான் பெரிய இடம். குளுவாங்கிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். லாபிஸ், சிகாமட் பக்கத்தவருக்கு இன்னும் தூரம். விடியற்காலையில் கிளம்பி ராத்திரி திரும்ப வேண்டும். துணைக்கு வருகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்று 2025 பிப்ரவரியில் வந்தது. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. பாசார்க்காரன் வாங்கியதும் அதே ஒரு நாள் கூலிதான். அந்தக் காசு பஸ்ஸுக்கு ஆகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் சமூகநல அதிகாரி இருப்பார். பயணச் செலவுக்கும் மருந்துக்கும் உதவி உண்டா என்று அவரிடம் கேளுங்கள். இனி வேலை செய்ய முடியாத நிலை என்றால் சொக்சோவில் இலாட் ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம். ஈபிஎப்பிலும் கடும் நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழியிருக்கிறது. சும்மா விட்டு விடாதீர்கள். நம் சம்பளத்தில் பிடித்த காசு.

லயத்துப் பேச்சு

அக்காவைத் தவணைக்குப் போகாமல் தடுத்தது நோயா, தூரமா? இரண்டும் இல்லை. குழாயடியில் ஒருத்தி, "ஐயோ, தாலி அறுத்தவ மாதிரி ஆயிட்டாளே" என்று சொன்ன சொல். புருஷன் கல்லுமாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் போதே சொன்ன சொல். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வேண்டுதல் வைத்து மொட்டை போடுகிறவர்கள் நாம். அந்தத் தலைக்குச் சந்தனம் பூசி அழகு பார்க்கிறோம். உயிருக்காக முடி கொடுத்தவள் தலையைப் பார்த்து மட்டும் ஏன் உச்சுக் கொட்ட வேண்டும்? உதவ நினைக்கும் பெண்கள் தவணை நாளில் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு போடுங்கள். அது எந்தத் தைலத்தையும்விட நல்ல மருந்து.

அன்றைக்கு நாம் அக்காவிடம் அதிகம் பேசவில்லை. "கொப்புளத்தை டாக்டர்கிட்ட காட்டவாவது போங்கக்கா" என்று மட்டும் சொன்னோம். நாலாம் பாரம் படிக்கும் மகள்தான் பிடிவாதமாக நின்றாள். "நீங்க துண்டு கட்டிக்கிட்டு வாங்கம்மா. நானும் கட்டிக்கிட்டு வர்றேன்" என்றாளாம். கொப்புளம் ஆறும் வரை டாக்டர் தவணையை ஒரு வாரம் தள்ளி வைத்து, அப்புறம் ஏற்றியிருக்கிறார்.

போன மாதம் மறுபடி அந்தப் பக்கம் போனோம். ஐந்து தவணை முடிந்து விட்டது. இன்னும் ஒன்று பாக்கி. தலையில் முடி இல்லை, துண்டு இருக்கிறது. "கடைசி ஊசி முடியட்டும் தம்பி. அப்புறம் மொளைக்கிறப்ப மொளைக்கட்டும்" என்றார்.

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஓர் அக்கா இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அடுத்த தவணை என்றைக்கு என்று கேட்டு, முடிந்தால் துணைக்குப் போய் வாருங்கள்.